காலி நாற்காலியும் காணாமல்போன மூன்று மாதமும்: ஹவ்காங் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை. ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம். சனிக்கிழமை மாலை நாங்கள் ஐந்து பேர் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் ஒரே ஒரு வரியைத் தமிழாக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். 49வது பிரிவு, முதல் உட்பிரிவு. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதைத் தவிர வேறு எந்தக் காரணத்தால் ஓர் உறுப்பினரின் இடம் காலியானாலும் அது தேர்தல் மூலம்... இந்த இடத்தில்தான் நின்றுவிட்டோம்.

“‘நிரப்பப்படும்’னு போடு தம்பி. சுருக்கமா இருக்கு” என்றார் அங்கிள். முன்னாள் தபால்காரர், எதையும் சுருக்கமாகக் கேட்பவர்.

மார்சிலிங்கிலிருந்து வரும் அக்கா காப்பியைக் கீழே வைத்தார். “படும்னா எப்ப படும் அங்கிள்? நாளைக்கா, அடுத்த பொதுத்தேர்தலுக்கா?”

எல்லோரும் சிரித்தோம். மொழிபெயர்ப்பில் பிழைப்பவன் என்பதால் எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. ‘நிரப்பப்படும்’ என்றால் அது ஒரு தகவல். ‘நிரப்பப்பட வேண்டும்’ என்றால் யாரோ ஒருவர் செய்தே ஆகவேண்டிய கடமை. இதே இடைவெளிக்குள் நின்றுதான் 2012-இல் ஹவ்காங்வாசி ஒருவர் பிரதமருக்கு ஆணையிடக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவர் ஒரு பகுதிநேரத் துப்புரவுத் தொழிலாளி. தமிழ்ப் பெண்.

சட்ட ஏடுகளில் அவர் பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு கிடக்கிறது. தகப்பனார் பெயர் ‘மேரி முத்து’ என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது; தமிழ்க் காது அதை மாரிமுத்து என்றுதான் கேட்கும். பழைய அடையாள அட்டைகளில் நம் பெயர்கள் பட்ட பாடு ஊரறிந்த கதை. நான் வெள்ளம்மா என்றே எழுதுகிறேன்.

நடந்தது

2011 மே பொதுத்தேர்தலில் ஒரே உறுப்பினரைக் கொண்ட ஹவ்காங் தனித்தொகுதியை எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் யாவ் ஷின் லியோங் வென்றார். அது 1991 முதல் அந்தக் கட்சியின் கோட்டை. 2012 பிப்ரவரி 14 அன்று கட்சி அவரை நீக்கியது. எந்தக் கட்சியின் சார்பில் நின்று வென்றாரோ அதிலிருந்து நீக்கப்பட்டால் உறுப்பினரின் இடம் தானாகவே காலியாகிவிடும். 46வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்ற நாயகர் மைக்கல் பாமர் அதை அவையில் அறிவித்தார்.

இடைத்தேர்தல் எப்போது என்று ஊரே கேட்டது. பதில் வரவில்லை. மார்ச் 2 அன்று வழக்கறிஞர் எம். ரவி மூலம் வெள்ளம்மா உயர் நீதிமன்றத்தை நாடினார். மூன்று மாதத்துக்குள், அல்லது நீதிமன்றம் நியாயமென்று கருதும் காலத்துக்குள், இடைத்தேர்தல் நடத்தப் பிரதமருக்கு ஆணையிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஒரு வாரம் கழித்து, மார்ச் 9 அன்று, பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்: ஹவ்காங்கில் இடைத்தேர்தல் நடத்தும் எண்ணம் இருக்கிறது, தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏப்ரல் 3 அன்று நீதிபதி பிலிப் பிள்ளை வழக்கைத் தொடர அனுமதி கொடுத்தார். தலைமைச் சட்ட அதிகாரி தரப்பு அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது, பிறகு மீட்டுக்கொண்டது. காரணம் எளிது. அதற்குள் மே 9 அன்று தேர்தல் ஆணை வந்துவிட்டது. மே 26 அன்று வாக்களிப்பு. பாட்டாளிக் கட்சியின் பங் எங் ஹுவாட் 62.09 விழுக்காடு பெற்று, ஆளும் மக்கள் செயல் கட்சியின் டெஸ்மண்ட் சூவை வென்றார்.

பிப்ரவரி 14-இலிருந்து மே 26 வரை நாள்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 102 நாள். மூன்று மாதக் கெடு என்று ஒன்று இருந்திருந்தால் மே 14-உடன் முடிந்திருக்கும். பன்னிரண்டு நாள் தாண்டிவிட்டது. அப்படியொரு கெடு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

மூன்று மாதம் எங்கே போனது?

வெள்ளம்மாவின் மனுவில் இருந்த ‘மூன்று மாதம்’ எங்கிருந்தோ பிடித்து வந்த எண் இல்லை. சிங்கப்பூர் மலேசியாவுக்குள் ஒரு மாநிலமாக இருந்தபோது, 1963-ஆம் ஆண்டின் மாநில அரசமைப்புச் சட்டத்தில் 33வது பிரிவு அதைச் சொன்னது: காலியான இடத்தை மூன்று மாதத்துக்குள் தேர்தல் மூலம் நிரப்ப வேண்டும். 1965 ஜூனில் ஓங் எங் குவான் ஹோங் லிம் இடத்தை விட்டு விலகியபோது ஜூலை 10 அன்றே அங்கு வாக்களிப்பு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் நாடு பிரிந்தது.

பிரிந்த கையோடு, 1965 டிசம்பரில், அரசமைப்புச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. புதிய குடியரசுக்கு வேண்டிய எத்தனையோ மாற்றங்களுக்கு நடுவே அந்த மூன்று மாதம் உதிர்ந்தது. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. அரசமைப்புச் சட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றிருந்ததை வெறும் பெரும்பான்மை போதும் என்று தளர்த்தியது. 1979-இல் மூன்றில் இரண்டு திரும்பி வந்தது. மூன்று மாதம் வரவில்லை.

பள்ளிப் பாடத்தில் அரசமைப்புத் திருத்தம் என்றாலே ஓர் ஏறுமுகக் கதை சொல்வார்கள். அமெரிக்காவில் 1870-இல் இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்று வந்தது, 1920-இல் பெண்களுக்கு வந்தது, 1971-இல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தது. நம்மூர்க் கதைக்கு அந்த நேர்கோடு கிடையாது. 1948-இல் முதல் தேர்தலுக்குப் பதிந்தவர்கள் சுமார் 22 ஆயிரம் பேர்தான். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டும் வாக்கு என்பதால் அவர்களில் இந்தியர்களே ஆகப் பெரிய கூட்டம். 1957-இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1959-இல் வாக்காளர் எண்ணிக்கை 5 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. வாக்களிப்பது கட்டாயமும் ஆனது. அந்தப் பெரிய விரிவைக் கொண்டுவந்தவை சாதாரணச் சட்டங்கள். அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியில், 9 முதல் 16 வரையுள்ள பிரிவுகளில், வாக்குரிமை என்று ஒரு வரியும் இல்லை. 1966-இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான ஆணையம் அதை எழுத்தில் பதித்து, எளிதில் கைவைக்க முடியாதபடி வைக்கப் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. வாக்குரிமை அரசமைப்புச் சட்டத்தின் உட்பொருளாக இருக்கிறது என்று அரசாங்கமே பின்னாளில் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உட்பொருள் என்பதால்தான் 49வது பிரிவின் ஒரு வினைச்சொல்லுக்கு இத்தனை பாரம்.

கெடு போனபின் என்ன ஆனது என்பதற்கு ஆன்சன் ஒரு சாட்சி. 1981-இல் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் இடைத்தேர்தலில் வென்ற தொகுதி அது. 1986 நவம்பரில் அபராதத் தண்டனை காரணமாக அவர் பதவியிழந்தார். 1988 செப்டம்பர் பொதுத்தேர்தல்வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டு, ஆன்சனுக்கு உறுப்பினர் இல்லை. எதிர்க்கட்சித் தொகுதி என்பதால் விட்டுவிட்டார்கள் என்று நம்மவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். 1986 டிசம்பரில் அமைச்சர் தே சியாங் வான் இறந்தபோது அவருடைய கேலாங் வெஸ்ட் தொகுதியும் அதேபோல் காலியாகத்தான் கிடந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் பார்க்காமல் பழக்கமே அப்படி ஆகியிருந்தது. 1992-இல் பிரதமர் கோ சோக் டோங் தம் மரீன் பரேட் குழுத்தொகுதி (பலர் ஓர் அணியாக நின்று வெல்லும் தொகுதி) உறுப்பினர்கள் அனைவரையும் விலகச் செய்து இடைத்தேர்தல் நடத்தினார். அதற்கடுத்த இடைத்தேர்தல் ஹவ்காங். நடுவில் இருபது ஆண்டு.

இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு வாசிப்புகள்

உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2012 ஆகஸ்ட் 1 அன்று வந்தது. நீதிபதி பிலிப் பிள்ளையின் வாசிப்பு இது: அந்தப் பிரிவில் ‘தேர்தல்’ என்ற சொல் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கவில்லை, ஒரு வழிமுறையைக் குறிக்கிறது. காலியிடம் நிரம்புமானால் தேர்தல் வழியாக நிரம்ப வேண்டும், நியமனத்தால் அல்ல. ஆகவே இடைத்தேர்தல் கட்டாயமில்லை. நடத்துவதா, எப்போது என்பதெல்லாம் பிரதமரின் விருப்புரிமை. 1965-இல் மூன்று மாதம் எடுக்கப்பட்டதையும் அவர் இதே பக்கம் வைத்துத்தான் பார்த்தார்.

கல்மேசையில் இதை விளக்கியபோது அங்கிளின் முகம் மலர்ந்தது. “பாத்தியா, ‘தேர்தல் மூலம் நிரப்பப்படும்’. நான் சொன்னதுதான்.”

உண்மைதான். உயர் நீதிமன்றத்தின் வாசிப்பைத் தமிழில் சொல்வதென்றால் அழுத்தம் ‘தேர்தல் மூலம்’ என்பதில் விழும். மேல்முறையீட்டு நீதிமன்றம் அழுத்தத்தை வாக்கியத்தின் கடைசிக்கு நகர்த்தியது.

2013 ஜூலை 5 அன்று வந்த அந்தத் தீர்ப்பின் சாரம்: 49வது பிரிவு ஒரு கடமையை விதிக்கிறது. பிரதமர் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். அடுத்த பொதுத்தேர்தல்வரை இடத்தைக் காலியாக வைத்திருக்கும் கட்டற்ற அதிகாரம் அவருக்கு இல்லை. சட்டங்களுக்குப் பொருள்காண வழிசொல்லும் பொருள்விளக்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: காலம் குறிப்பிடாத கடமையை வசதிப்பட்ட அளவு விரைவாகச் செய்ய வேண்டும். காலம் எழுதப்படவில்லை என்பதற்காகக் காலமே இல்லை என்று ஆகிவிடாது. நாடாளுமன்ற உறுப்பினர் என்பவர் அத்தொகுதி மக்களின் குரல். அந்தக் குரலை வேண்டிய மட்டும் அடைத்து வைக்க முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நியாயமான காலம் என்றால் இத்தனை நாள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பிரதமர் பல காரணங்களை எடைபோடலாம், அதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. நாடாளுமன்றம் விரைவில் கலையப்போகிறது என்பதும் ஒரு காரணமாகலாம். 1965-இல் கழன்ற மூன்று மாதத்தை எந்த நீதிபதியாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை.

எனக்கு உறுத்துவது ஒரு சின்ன ஒப்பீடு. இந்த ஊரில் வாக்களிக்கத் தவறினால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். சரியான காரணம் இல்லையென்றால் திரும்பச் சேர 50 வெள்ளி கட்ட வேண்டும். வாக்காளரின் கடமைக்கு இரவு எட்டு மணி என்று கெடு இருக்கிறது. வாக்காளரைக் கூப்பிடும் கடமைக்கு ‘நியாயமான காலம்’.

ஜெயித்த கருத்து, தோற்ற மனு

வெள்ளம்மாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது. சட்டத்தின் பொருளைப் பற்றி அவர் தரப்புச் சொன்னதன் மையத்தை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இடைத்தேர்தல் நடந்து ஹவ்காங்குக்கு உறுப்பினர் வந்தாகிவிட்டது. எல்லோருக்கும் பொதுவான ஓர் உரிமைக்காகத் தனிமனிதர் வழக்காட வேண்டுமென்றால் தமக்கெனத் தனிப்பட்ட பாதிப்பு ஒன்றைக் காட்ட வேண்டும். அது இப்போது அவரிடம் இல்லை. கதவு திறந்தே கிடக்கும்போது கதவைத் தட்ட உங்களுக்கு என்ன உரிமை என்பதுபோல.

இதைச் சிலர் வெறும் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெரிய கட்சிகளோ பெரிய மனிதர்களோ கேட்காத கேள்வியைப் பகுதிநேரமாகத் தரை துடைப்பவர் கேட்டார். இன்று சட்டம் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரால்தான் அந்த வழக்கைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தக் காலகட்டத்தில் பழக்கமும் மாறியது. ஹவ்காங் காலியானதை அவையில் அறிவித்த அதே மைக்கல் பாமர் 2012 டிசம்பர் 12 அன்று தாமே பதவி விலகினார். 45 நாளில் பொங்கோல் ஈஸ்ட்டில் இடைத்தேர்தல். பாட்டாளிக் கட்சியின் லீ லி லியான் வென்றார். 2016 மார்ச்சில் புக்கிட் பாத்தோக் காலியானது. 56 நாளில் வாக்களிப்பு, மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை வென்றார். மூன்று மாதத்துக்குள்ளேயே இரண்டும் முடிந்தன, எழுதப்பட்ட கெடு ஏதும் இல்லாமலேயே. வழக்கினால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பொங்கோல் ஈஸ்ட் நடந்தபோது மேல்முறையீட்டுத் தீர்ப்பே வந்திருக்கவில்லை.

அக்காவின் மார்சிலிங்

இதுவரை சொன்னதெல்லாம் தனித்தொகுதிக் கதை. 1988-இல் வந்த இன்னொரு திருத்தம் கதையைத் திருப்பிவிட்டது. குழுத்தொகுதித் திட்டம் அது. ஓர் அணியில் குறைந்தது ஒருவராவது மலாய்க்காரராகவோ இந்தியராகவோ மற்ற சிறுபான்மையினராகவோ இருக்க வேண்டும். நம்மைப் போன்றோருக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதி என்று அரசமைப்புச் சட்டமே சொன்ன திருத்தம். அதன் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2025 மே 3 பொதுத்தேர்தலில் இருந்த 97 இடங்களில் 82 குழுத்தொகுதி இடங்கள். தனித்தொகுதிகள் 15.

2017 ஆகஸ்ட்டில் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலில் நிற்பதற்காக மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து விலகினார். அந்த நால்வர் அணியின் சிறுபான்மை உறுப்பினர் அவர்தான். இடைத்தேர்தல் அறிவிக்கப்படவில்லை. சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த வோங் சூக் யீ வழக்குத் தொடுத்தார். ஹவ்காங் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பலரும் அந்த வழக்கைப் பார்த்தோம். 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. குழுத்தொகுதியில் ஒருவர் போனால் மற்றவர்கள் பதவி விலக வேண்டியதில்லை. எல்லா இடங்களும் காலியானால்தான் இடைத்தேர்தல். ஒருவர் விலகுவேன் என்று மிரட்டி அணியையே பிடித்து வைக்கக் கூடாது என்பது 1988-இல் சொல்லப்பட்ட நியாயம்.

அதாவது வெள்ளம்மா பெற்றுத்தந்த விதி இன்று 97-இல் 15 இடங்களுக்குத்தான் நேராகப் பொருந்தும். சிறுபான்மையினருக்கு இடத்தை உறுதிசெய்த திருத்தம், அந்த இடம் நடுவில் காலியானால் நிரப்பும் கடமையை உறுதிசெய்யவில்லை.

அக்கா அப்போதும் மார்சிலிங்கில்தான் குடியிருந்தார். அம்மாவின் வீட்டு விவகாரத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று, தொகுதி உறுப்பினர்கள் குறைகேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனார். வரிசை எண் கொடுத்தார்கள், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி, கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. மற்ற மூன்று உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டார்கள்; பக்கத்துக் குழுத்தொகுதியின் மலாய் உறுப்பினர் ஒருவரும் அடித்தள அமைப்புகளின் ஆலோசகராக வந்தார். “எனக்கு ஒரு குறையும் இல்லப்பா. ஆனா அந்த வருஷம் நான் எதுக்குமே ஓட்டுப் போடல, அதையும் சொல்லு” என்றார்.

அது சரியான கணக்கு. 1991-இல் வந்த திருத்தம் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கை மக்களுக்குக் கொடுத்தது. வாக்குரிமையை விரித்த நம்மூர்த் திருத்தம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன். 2016-இன் திருத்தத்தால் 2017 தேர்தல் மலாய் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது, போட்டியின்றி முடிந்தது. மார்சிலிங் மக்கள் தங்கள் உறுப்பினரை அதிபர் மாளிகைக்கு அனுப்பிவைத்தார்கள், அதற்கும் வாக்கில்லை, காலியான இடத்துக்கும் வாக்கில்லை. 2023-இல் தர்மன் சண்முகரத்னம் ஜூரோங் குழுத்தொகுதியிலிருந்து விலகி 70.4 விழுக்காடு பெற்று அதிபரானார். அப்போது நாடே வாக்களித்தது, ஜூரோங்கின் அந்த ஓர் இடம் மட்டும் 2025 மேவரை காலி. 2024 ஜனவரியில் ஈஸ்வரன் விலகிய வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதி இடத்துக்கும் அதுவே கதி.

சேவை நிற்கவில்லையே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. நகர மன்றம் குப்பை அள்ளும், மின்தூக்கி ஓடும். ஆனால் 2013 தீர்ப்பு குரலைப் பற்றித்தான் பேசியது. கடிதம் எழுதித்தர ஆள் இருப்பதும் அவையில் எழுந்து நிற்க ஆள் இருப்பதும் ஒன்றாகிவிடாது.

பாலத்தைத் தாண்டினால் மலேசிய அரசமைப்புச் சட்டம் 60 நாள் என்கிறது. இந்தியாவில் 1996 முதல் ஆறு மாதம். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தபின் ஆர்.கே. நகருக்கு 2017 ஏப்ரலில் குறித்த தேர்தல் ரத்தாகி டிசம்பர் 21-க்குத் தள்ளிப்போன கூத்தையும் நாம் பார்த்தோம். எழுதப்பட்ட கெடு இருந்தும் ஓராண்டு. எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் கெடு இருந்ததால்தான் அங்கே அது தாமதம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கல்மேசையில் இருட்டியபோது தாளில் ‘நிரப்பப்பட வேண்டும்’ என்று எழுதி முடித்தோம். அங்கிள் தோற்றதுபோல் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து, வாக்கியத்தின் தொடக்கத்தில் விரல் வைத்தார்.

“இங்க ‘ஓர் உறுப்பினரின் இடம்’னுதானே இருக்கு?”

“ஆமாக்கா. மூலத்திலயும் ஒருமைதான்.”

அவர் பென்சிலை எடுத்து ‘ஓர்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அடுத்த சனிக்கிழமைக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.